பக்கத்து நாற்காலி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "பக்கத்து நாற்காலி" என்று கேளுங்கள், வாசலில் சைக்கிள்களுக்குக் காவல் இருப்பவர்கூடக் கையைக் காட்டுவார். வழக்குகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி வைத்த பட்டப்பெயர் அது. கேலியாகத்தான் வைத்தார். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அவள் வேலையே அதுதான். புருஷனிடம் அடிபட்டவர்கள், எவனோ ஒருத்தனால் சீரழிக்கப்பட்டவர்கள், வீட்டுக்குள்ளேயே வதைபட்டவர்கள் என்று வருகிற பெண்களோடு காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காருவது. அவள் வக்கீல் இல்லை, டாக்டர் இல்லை, போலீஸ் இல்லை. அந்தப் பெண் பேச வேண்டியதை இவள் பேசக் கூடாது. இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினால் மட்டும், "சார், கொஞ்சம் மெதுவா கேளுங்க" என்று சொல்லலாம். சும்மா உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், அடித்தவனை எதிரில் வைத்துக்கொண்டு அடிபட்ட கதையை ஒரு தரம் தனியாகச் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

நல்லவள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பொறாமைக்காரி. நல்லவர்களுக்குப் பொறாமை வராது என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. தாராளமாக வரும். வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது பொறாமை என்றே அவர்களுக்குத் தெரியாது, அக்கறை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். "என் கேஸு", "என் பொண்ணு" என்றுதான் அவள் வாயில் வரும். டவாலி, "உள்ள யாரு கேஸும்மா?" என்று கேட்டால், "என் கேஸுதான்" என்று நிமிர்ந்து சொல்வாள், ஏதோ அடிபட்டதே அவள்தான் என்கிற மாதிரி.

அவர்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறும் இடத்தில் "மூக்குக் கண்ணாடி – மாடியில்" என்று ஒரு பழைய பலகை தொங்கும். முன்பு வாடகைக்கு இருந்த கண்ணாடிக்கடைக்காரர் விட்டுப்போனது. வேண்டுமென்றே கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். படியேறும் பெண்ணை யாராவது பார்த்துவிட்டால் கண்ணாடி பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா. மாதத்தில் ஒருத்தராவது நிஜமாகவே கண்ணாடி வாங்க வந்து, கடை இல்லை என்றதும் திட்டிவிட்டுப் போவார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வேலையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அந்தப் பெண்ணின் போனுக்கு நாமாகக் கூப்பிடக் கூடாது, போன் யார் கையில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். தெருவில் எதிரே வந்தால் நாமாகத் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளக் கூடாது, அவள் சிரித்தால் சிரிக்கலாம், பேசினால் பேசலாம். வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ சொல்லாமல் போய் நிற்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எது வேண்டும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா என்பதில் ஆரம்பித்து வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதுவரை. வீட்டில் ஒருத்தன் அவளுக்காக எல்லாவற்றையும் முடிவுசெய்துகொண்டிருந்தான், இங்கே வந்தும் இன்னொருத்தி முடிவுசெய்தால் அது என்ன விடுதலை? இதைப் பக்கத்து நாற்காலி எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இன்னொன்றும் சொல்வாள்: "ஒரு பொண்ணு உங்க முகத்தைப் பார்த்து 'வேணாம்'னு சொல்லிட்டு, அதுக்கு மன்னிப்பும் கேக்காம இருந்தா, அன்னிக்கு நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

பேக்கரிப் பெண் வந்தபோது முதல் நாளே கதவில் இடித்துக்கொண்டு கதவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. கிரீம் வைத்த கூம்பைப் பிடித்து, ஊரில் உள்ள பிள்ளைகளின் பெயரையெல்லாம் கோணாமல் எழுதுகிற கை. புருஷன் கார்களுக்கு பெயின்ட் அடிக்கிறவன். வெளியே பரம சாது என்று பெயர் வாங்கியவன். கடைசியாக அடித்த அடியில் விலா எலும்பில் விரிசல் விட்டு, அவள் தன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவன் கிட்டே வரக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். அவன் விடுவதாக இல்லை, ஆள் வைத்துச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான், அன்பாகத்தான், அதுதான் பயமாக இருந்தது.

"தண்ணி குடிக்கிறியாம்மா, இல்ல டீயா?"

"எதுவானாலும் சரிக்கா."

"எதுவானாலும்னு ஒண்ணு இங்க கிடையாது. தண்ணி இருக்கு, டீ இருக்கு."

பெண் இவள் முகத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டுத் துணி காயப்போடுகிறவளைப் போல, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதற்கும் பதில் சொல்வாள். எந்தப் பதில் சொன்னால் அடி விழாது என்று கண்டுபிடிக்கிற பார்வை அது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள். கண்டுகொண்டால் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலி காத்திருந்தாள். வாரா வாரம் காத்திருந்தாள். கதவைப் பற்றிக் கேட்டாள், ஜன்னலைப் பற்றிக் கேட்டாள், மின்விசிறி வேகத்தைக்கூடக் கேட்டாள். சில வாரங்கள் கழித்துப் பெண், "கதவ சாத்திடலாம்க்கா, மன்னிச்சிடுங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து ஒரு நாள், டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இதுல சர்க்கரை ஜாஸ்திக்கா" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்து மன்னிப்பும் கேட்டாள். அது கிடக்கட்டும், சொன்னாளே. அன்று மாலை பக்கத்து நாற்காலி வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும்தான் சொல்றேன், டீல சர்க்கரை ஜாஸ்தின்னு. ஒரு நாளாவது இப்படி சந்தோஷப்பட்டியா?"

"உங்க வாய்க்குப் பூட்டு போட்டது யாரு? அது வேற, இது வேற."

இப்படி இருக்கும்போதுதான் மழை நாளில் நீதிமன்றப் படியில் வழுக்கி விழுந்து பக்கத்து நாற்காலிக்கு முட்டிச் சிப்பி உடைந்தது. மாவுக்கட்டு, கட்டில், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. பேக்கரிப் பெண்ணைப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பார்த்துக்கொள்வாள் என்று அலுவலகத்துக்குப் பொறுப்பான மேடம் போனில் சொன்னாள். புதியவள் முன்பு பியூட்டி பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். தானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்தவள்தான். கணீரென்று சிரிப்பாள். எல்லாரும் "பார்லர்" என்றே கூப்பிட்டார்கள்.

கட்டுப் பிரித்து, கைத்தடி ஊன்றி, அலுவலகப் படியை ஒவ்வொன்றாக ஏறிவந்த அன்று சின்ன அறைக்குள் யாரோ இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று பார்லரின் சிரிப்பு. இன்னொன்று யாருடையது என்று தெரியவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால் பேக்கரிப் பெண். இத்தனை மாதத்தில் அவள் சிரித்து இவள் கேட்டதே இல்லை. சிரிப்பாள் என்றே தெரியாது. இடுப்புவரை தொங்கிக்கொண்டிருந்த முடி தோளோடு நின்றது, தரையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் வெட்டிய முடி கிடந்தது.

வயிறு எரிந்தது. வேறு வார்த்தையே கிடையாது, எரிந்தது. கையில் கைத்தடி, முட்டியில் வலி, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு, இத்தனையும் தாண்டி வயிறுதான் எரிந்தது.

"யாரக் கேட்டு முடிய வெட்டின?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டதாகத்தான் அவள் நினைப்பு. பேக்கரிப் பெண்ணின் சிரிப்பு சட்டென்று நின்றது. "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள், தோளில் விழுந்த முடியைக் கையால் மறைத்துக்கொண்டு.

"அவளே ஆசைப்பட்டுக் கேட்டாக்கா. நல்லா இருக்குல்ல?" என்றாள் பார்லர்.

"இருக்கு இருக்கு. தரையக் கூட்டு முதல்ல."

அன்றிலிருந்து பார்லர் என்ன செய்தாலும் குற்றம். பார்லர் சிரித்தால், அடிபட்ட பெண்கள் வருகிற இடத்தில் இப்படியா சிரிப்பது. சிரிக்காவிட்டால், என்னவோ ஏக்கத்தில் இருக்கிறாள், வேலைக்கு லாயக்கில்லை. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்று மனதுக்குள் திட்டுவாள். நான் கல்லும் முள்ளும் பொறுக்கி நிலத்தைப் பண்படுத்துவேனாம், இவள் நோகாமல் வந்து நுங்கு தின்பாளாம். ஒரு வார்த்தை பேச வைக்க எனக்கு எத்தனை மாதம் ஆனது, இவள் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து ஒரே நாளில் சிரிக்க வைத்துவிட்டாளாம். ஒரே நாளில் வந்த சிரிப்பு அது இல்லை என்பதும், அதில் பாதி தன் உழைப்பு என்பதும் அவளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். உள்ளே பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருத்தர்தான் உட்காரலாம், அது நீதிமன்ற வழக்கம். யார் உட்காருவது என்பதை அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும், அது அலுவலக வழக்கம். மேடம் தனியாகக் கூப்பிட்டு வைத்துக் கேட்பாள், மற்ற யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பக்கத்து நாற்காலி தன் பாட்டுக்கு அன்றைய தினம் எந்தச் செருப்பு போட்டுக்கொண்டால் முட்டிக்குச் சௌகரியம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

மேடம் வெளியே வந்து, அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"பார்லர் வரட்டும்னு சொல்றா."

"அவளா சொன்னா?"

"அவளேதான். யோசிக்கக்கூட இல்ல. அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். கேட்கக் கேட்க வாய் திறக்காத பெண்ணுக்கு, எது வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவள் இவள். கற்றுக்கொண்டு அவள் யோசிக்காமல் சொன்ன முதல் விஷயம், நீ வேண்டாம், அவள் போதும் என்பது. "நல்லதுதானே மேடம்" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

வீட்டுக்காரர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். எவ்வளவு நேரம்தான் ஒரே பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

"என்னை ஒரு காலத்துல எதிர்வீட்டு டீச்சர் தினம் லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. அப்பக்கூட நீ இப்படி ஆனதில்ல."

"உங்களை எவ தூக்கிட்டுப் போகப் போறா. பேசாம இருங்க."

"லிஃப்ட்டுல மாட்டினவங்களை நான்தான் வெளிய எடுக்கறேன். கதவு திறந்ததும் ஒருத்தராவது நின்னு என் முகத்தைப் பார்க்கறாங்களா? விட்டா போதும்னு ஓடறாங்க. அதுக்காக நான் பின்னாடியே ஓடிப்போய் ஏன்டா போறன்னு கேக்க முடியுமா?"

"லிஃப்ட்டும் இதுவும் ஒண்ணா? அது இரும்பு. அவ என் பொண்ணு."

"உன் பொண்ணுன்னு அவ சொன்னாளா?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள். கூப்பிடக் கூடாத எண்ணைக் கூப்பிட்டாள். அவள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் எடுக்கவில்லை. பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று தனக்குத்தானே பயத்தைக் காட்டிக்கொண்டு, அந்தப் பயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் பேக்கரியின் பின்வாசல் இருக்கிற சந்தில் போய் நின்றாள். எல்லாருக்கும் கட்டுப்பாடு சொல்லிக்கொடுக்கிறவள் நின்றாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான்.

வேலை முடிந்து, கையில் சிவப்புக் கிரீம் ஒட்டியிருக்க, பேக்கரிப் பெண் வந்தாள். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு ஏதோ பேசிக்கொண்டு வந்தவள், சந்தின் முனையில் ஆள் நிற்பதைக் கண்டதும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு யார் என்று தெரிந்து, மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"அக்கா, நீங்களா."

"இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்." பொய். அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. "போன் பண்ணேனே, ஏன் எடுக்கல?"

"வேலையில இருந்தேன்கா. மன்னிச்சிடுங்க."

"நேத்து ரெண்டு தடவை பண்ணேன். யார்கூடப் பேசிட்டிருந்த? அவகூடவா?"

"இல்லக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் உனக்கு எவ்வளவு பண்ணியிருக்கேன். முட்டி உடைஞ்சதுகூட உன் கேஸுக்கு அலைஞ்சுதான். நான் சொல்லிக்காட்டலம்மா, மனசு கேக்கல, அதான் கேக்கறேன்."

பேக்கரிப் பெண் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையில் காய்ந்திருந்த கிரீமை நகத்தால் சுரண்டினாள்.

"நீங்களே வாங்கக்கா. நான் மேடம்கிட்ட சொல்லிடறேன். உங்களையே உட்காரச் சொல்றேன். மன்னிச்சிடுங்க, நான் யோசிக்காம சொல்லிட்டேன்."

"உனக்கு இஷ்டம்னாதான். கட்டாயம் இல்ல."

"இஷ்டம்தான்கா."

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, முட்டியும் வலிக்கவில்லை. மறுநாள் மேடம், "மனசு மாத்திக்கிட்டாளாம், நீங்களே வரணுமாம்" என்று சொன்னபோது, "அப்படியா" என்று ஆச்சரியப்பட்டாள் பாருங்கள், நாடகத்தில் நடிக்க வைத்திருந்தால் பரிசு வாங்கியிருப்பாள். பார்லர், "நீங்க இருந்தா அவளுக்குத் தெம்புதான்கா" என்றாள். அவள் மனதாரச் சொன்னாள், அதுவும் இவளுக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை நாளன்று காலையில் நீதிமன்றத்தில் வக்கீலுக்கு ஒதுக்கிய பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள். வக்கீல், கறுப்புக் கோட்டோடு ஓயாமல் நடந்துகொண்டே பேசுகிற பெண்மணி. பேக்கரிப் பெண் நடுவில், பக்கத்து நாற்காலியில் பக்கத்து நாற்காலி. பார்லரும் கூட வந்திருந்தாள், வேண்டியதை வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று. அவள் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தாள். உள்ளே கேட்கப் போகிற கேள்விகளை வக்கீல் ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள்.

"தெருவுல வண்டிச் சத்தம் ஜாஸ்தியா இருக்கே. ஜன்னலை சாத்தவாம்மா?"

பேக்கரிப் பெண் சட்டென்று திரும்பிப் பக்கத்து நாற்காலியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எதுவானாலும் சரி மேடம்" என்றாள்.

இவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்று உடனே புரியவில்லை. சர்க்கரை ஜாஸ்தி என்று சொன்ன பெண் ஆயிற்றே, மறுபடி எதுவானாலும் என்கிறாளே என்று மட்டும் தோன்றியது. வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"அடிக்கறதுக்கு முன்னாடி எப்படி ஆரம்பிப்பாரு? சும்மா இருக்கும்போதே அடிப்பாரா?"

"இல்ல மேடம். முதல்ல கேள்விதான் கேப்பாரு." குரல் சீராக இருந்தது, கேக்கில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "பேக்கரி பின்வாசல்ல வந்து நிப்பாரு. இந்தப் பக்கமா வேலையா வந்தேன்னு சொல்வாரு. போன் பண்ணேனே ஏன் எடுக்கலன்னு கேப்பாரு. யார்கூடப் பேசிட்டிருந்தன்னு கேப்பாரு. நான் உனக்கு எவ்வளவு பண்ணியிருக்கேன்னு சொல்வாரு. ஒரு தடவை முடி நுனிய மட்டும் கொஞ்சம் வெட்டினேன். யாரக் கேட்டு வெட்டினன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"மன்னிச்சிடுங்கன்னு சொல்வேன். உங்க இஷ்டப்படியே பண்றேன்னு சொல்வேன். அப்ப கொஞ்சம் சமாதானம் ஆவாரு. அவரு முகத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன் மேடம், ஆயிட்டாரான்னு."

குத்திக்காட்டுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அதே சந்தில் நின்று அதே சொற்களை, வரிசைகூட மாறாமல் சொன்னாள் என்பது அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. பழகிய சொற்களுக்குப் பழகிய பதிலைச் சொல்லி, இவளையும் சமாதானப்படுத்தி அனுப்பியிருந்தாள்.

அவன் கை நீட்டி அடித்தான், நான் அடிக்கவில்லையே என்று பக்கத்து நாற்காலியின் மனம் உடனே வக்காலத்துக்கு வந்தது. வராமல் இருக்குமா. நான் செய்தது அக்கறை என்றது. அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான், அன்பு என்று. இத்தனை வருடம் இப்படிப்பட்ட ஆண்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அடுத்து என்ன சொல்வார்கள் என்று வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறவள், தன் வாயிலிருந்து அதே பேச்சு வந்தபோது மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல வெட்கமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் வக்கீலிடம்.

"கூப்பிடப் போறாங்க."

"ஒரு நிமிஷம்தான்." பெண் பக்கம் திரும்பினாள். "நான் பேக்கரி வாசல்ல வந்து நின்னது தப்பும்மா. போன் பண்ணதும் தப்பு, அங்க நின்னு கேட்டதும் தப்பு. ஆபீஸ் மேடத்துகிட்ட நானே சொல்லிடறேன்."

"ஐயோ அக்கா, நான் உங்களைச் சொல்லலக்கா. மன்னிச்சிடுங்க."

"நீ மன்னிப்புக் கேக்காத. கேக்க வேண்டியவ நான். உள்ள பக்கத்துல யாரு உட்காரணும்னு இப்ப மறுபடி சொல்லு. நான் முகத்தைத் திருப்பிக்கறேன். நீ என்ன சொன்னாலும் என் முகம் உனக்குத் தெரியாது."

கைத்தடியை ஊன்றி எழுந்து, ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் ஒருத்தன் லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அப்போதும் அவள் மனது, "நீங்கதான்கா வேணும்" என்று அந்தப் பெண் சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றது. இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொள்கிறவளை யார் வேண்டாம் என்பார்கள். புத்தி திருந்திவிட்டாலும் ஆசை அவ்வளவு சீக்கிரம் திருந்துமா.

பின்னால் வக்கீல்கூட நடப்பதை நிறுத்தியிருந்தாள். பிறகு நாற்காலி நகர்ந்தது. பேக்கரிப் பெண் எழுந்து ஜன்னல் பக்கமாகவே வந்தாள். சுற்றி வந்து எதிரில் நின்றாள். திருப்பிக்கொண்ட முகத்தைத் தேடிக்கொண்டு வந்து நேருக்கு நேராகப் பார்த்தாள், ஆனால் வானத்தைப் பார்க்கிற அந்தப் பழைய பார்வை இல்லை. சும்மா பார்த்தாள், ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைப் பார்க்கிற மாதிரி.

"பார்லர் அக்கா வரட்டும்" என்றாள். "நீங்க வேணாம்க்கா."

பக்கத்து நாற்காலி காத்திருந்தாள். அடுத்தது "மன்னிச்சிடுங்க" வர வேண்டும், எப்போதும் வரும். வரவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். "ஜன்னலை சாத்திடுங்க மேடம், சத்தமா இருக்கு" என்றாள் வக்கீலிடம்.

பக்கத்து நாற்காலி வெளியே வந்து, இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்த பார்லரிடம், "நீ உள்ள போ" என்றாள்.

"அக்கா, நீங்க?"

"அவ உன்னைத்தான் கேக்கறா. போடி, கூப்பிடறாங்க. நடுவுல வாயத் தொறக்காத. அவ அழுதா கைய நீயா பிடிக்காத, அவ நீட்டினா பிடி."

"தெரியும்கா" என்றாள் பார்லர், இரண்டு டீக் கோப்பைகளையும் அவள் கையில் கொடுத்துவிட்டு. தெரியுமாம். அதுவும் எரிந்தது.

நீதிமன்ற அறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பெயின்ட் அடிக்கிறவனின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கோடியில் இவள், ஆறிப்போகிற இரண்டு டீயோடு. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், எங்கே போகும், பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. உள்ளே இந்நேரம் பார்லர் தண்ணீரை நகர்த்தி வைத்திருப்பாளா, இடது பக்கம் உட்கார்ந்திருப்பாளா வலது பக்கமா, அந்தப் பெண்ணுக்கு விரிசல் விட்டது இடது விலா, அந்தப் பக்கம் இடிக்கக் கூடாதே என்றெல்லாம் ஓடியது. ஒரு டீயைக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்று பார்லர் கேட்டுப் போடச் சொல்லியிருக்க வேண்டும்.

டவாலி அடுத்த வழக்கைக் கூப்பிட வெளியே வந்தவர், அவளைக் கண்டு நின்றார்.

"என்னம்மா, நாற்காலி இன்னிக்கு வெளிய கிடக்கு?"

"முட்டி வலி."

"உள்ள அந்தப் பொண்ணு நல்லாப் பேசுதும்மா. ஜட்ஜு ரெண்டு தடவை குறுக்க கேட்டாரு, தடுமாறவே இல்ல." கதவைக் காட்டினார். "உங்க கேஸுதானே?"

எப்போதும் சொல்கிற பதில் தொண்டைவரை வந்துவிட்டது. நிமிர்ந்துகூட உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"இல்லங்க," என்றாள். "அந்தப் பொண்ணோடது."